கால் முன்னே வந்து பிறந்தவள்

காளியாத்தா துணை

எழுமலை
12.2.2002, செவ்வாய்

அன்பு மருமகன் முத்துப்பாண்டிக்கு அத்தை சோலையம்மாள் எழுதிக்கிறது. இங்க நானும் ஓம் மாமாவும் ஆத்தா புண்ணியத்துல சொகமா இருக்கோம். அங்க ஒனக்கு ஒடம்புக்கு எப்புடின்னு கேக்கலாம்னா, அதத்தான் ஓங்கம்மா வந்து சொல்லிட்டாளே.

முத்துத்தாய் ஞாயித்துக்கெழமை பேரையூர்ல இருந்து வந்திருந்தா. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு ஒனக்கு முதுகு வளைய மாட்டேங்குதாம். யாராச்சும் கூப்புட்டா கழுத்து திரும்பாது, ஒடம்போட சேத்துத் திரும்புறியாம். ஜவுளிக்கடையில சேலையை விரிச்சுப் போட்டுட்டு, மடிக்க முடியாம நிக்கிறியாம். எம்புட்டு நாளான்னு கேட்டேன். ஏழெட்டு வருசமாங்குறா. அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாடா ஒனக்கு?

இந்த ஊர்ல யாருக்கு இடுப்புப் பிடிச்சாலும் ஏங்கிட்டதான் வாராக. நான் கால் முன்னால வந்து பொறந்தவ. எங்காத்தாளை ரெண்டு நாள் படுத்தி எடுத்துட்டுத்தான் வெளிய வந்தேன். அப்புடிப் பொறந்தவக மூணு மிதி மிதிச்சா எந்தப் பிடிப்பும் விட்டுரும். அது சாமி குடுத்தது, நான் கேட்டு வாங்கலை. நேத்துக்கூட உசிலம்பட்டி பஸ் டிரைவர் வந்து வாசல்ல குப்புறப் படுத்தாரு. குதிங்காலை வச்சு மூணு அமுக்கு, நிமிந்து நடந்து போனாரு. ஓம் மாமா மட்டும் படுக்க மாட்டாரு. "முப்பது வருசமா வாயால மிதிக்கிறது பத்தாதா"ங்குறாரு.

சோழவந்தான் பொண்ணு விசயம் தெரியும்ல. பேரு தமிழ்ச்செல்வி. அப்பா கொடிக்கால் வச்சு வெத்தலை வெவசாயம் பண்றாரு. பங்குனியில ஒன்னையப் பாக்க வாராகளாம். மாப்ள குனிஞ்சவாக்குல நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குள்ள சரியாயிரணும். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்புட வருவேல்ல, அப்பப் பாத்துக்கலாம். வேளைக்குச் சாப்புடு.

இப்படிக்கு
ஒன் அத்தை

*

மதுரை
24.2.2002

அன்புள்ள அத்தைக்கு முத்துப்பாண்டி வணக்கம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாமா சொன்னதைப் படித்துக் கடையில் தனியாகச் சிரித்தேன்.

கடை முதலாளி வற்புறுத்தியதால் பெரிய டாக்டரிடம் போனேன். படம் எடுத்தார்கள். முதுகெலும்பு கணுக் கணுவாகத் தனித்தனியே அசைய வேண்டுமாம். எனக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. படத்தில் மூங்கில் கழி மாதிரியே இருந்தது. உடம்பு தன்னோடு தானே சண்டை போடுகிற வாதம் என்றார். உட்கார்ந்தே இருக்கக் கூடாது, நடக்க வேண்டும், நீந்தத் தெரிந்தால் நீந்த வேண்டும். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சாப்பிட்டுக்கிட்டே இருங்க" என்றார்.

இன்னொரு சோதனையும் எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சோழவந்தானில் ஆஸ்பத்திரி என்ற பேச்சே வர வேண்டாம் அத்தை. வெறும் பிடிப்பு என்றே இருக்கட்டும். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
முத்துப்பாண்டி

*

காளியாத்தா துணை

எழுமலை
4.3.2002, திங்கள்

மருமகனுக்கு அத்தை எழுதுறது. ஒங் கடுதாசி வந்துச்சு, ரெண்டு தடவை வாசிச்சேன். ஓம் மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன், அவரு தூங்கிட்டாரு.

டாக்டர் படம் பிடிச்சுச் சொல்றதை நான் படம் இல்லாமயே சொன்னேன். ஒட்டிக்கிட்டதைத்தானே நாங்க பிடிப்புங்குறோம்? ஒட்டுனதை விடுவிக்கத்தானே ஏங் காலு இருக்கு? மாத்திரையும் முழுங்கு, வேண்டாங்கலை. ஆனா கடைசிவரைக்கும் முழுங்கிக்கிட்டே இருன்னு சொல்றது வைத்தியமா? நம்பிக்கையோட வா. நான் அன்னைக்கு வரைக்கும் ஒருபொழுது இருக்கேன், ஒனக்காக.

ஒன் அத்தை

*

காளியாத்தா துணை

எழுமலை
20.3.2002, புதன்

அன்பு மருமகன் முத்துப்பாண்டிக்கு அத்தை ஆசீர்வாதம். சிவராத்திரி முடிஞ்சு போனவன் ஒரு கார்டு போடலையே. நல்லா நிமிந்து நடக்குறதால அத்தை மறந்துபோச்சாக்கும்.

அன்னைக்கு நடந்ததை ஆத்தாகிட்டச் சொல்லிச் சொல்லிக் கும்புடுறேன். மத்தவகளுக்குன்னா குதிங்காலை மட்டுந்தான் வப்பேன். ஒனக்கு நாள்பட்ட பிடிப்பாச்சே, அதான் செவத்தைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு காலையும் வச்சு ஏறுனேன். மூணாவது மிதிக்கு எங் காலுக்கு அடியில டொக்குன்னு ஒரு சத்தம். ஒனக்குக் கேட்டுச்சா? இம்புட்டு வருசத்துல அப்புடிச் சத்தம் கேட்டதே இல்ல. நாள்பட்டது விட்டா அப்புடித்தான் கேக்கும்போலன்னு ஓம் மாமாகிட்டச் சொன்னேன். நீ ஒரு நிமிசம் எந்திரிக்காமப் படுத்திருந்த. அப்பறம் "லேசா இருக்கு அத்தை"ன்ன. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஓங்கம்மா அன்னைக்கு வேன்ல முன்னாடியே ஊருக்குப் போயிட்டா, இல்லாட்டி அவளும் பாத்திருப்பா. நான் அவகிட்டச் சொல்லலை. பொண்ணு பாக்குற அன்னைக்கு மகன் நிமிந்து நிக்கிறதை அவளே பாக்கட்டும்.

ஏப்ரல் ஏழாந்தேதி ஞாயித்துக்கெழமை சோழவந்தான்காரவுக வாராக. முந்துன நாளே பேரையூர் வந்துரு.

ஒன் அத்தை

*

மதுரை
28.3.2002

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். மாமாவும் நீங்களும் நலமா?

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கடையின் கல்லா மேசையில் வைத்து எழுதுகிறேன். லேசாகத்தான் இருக்கிறது. வலி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு காலையில் விறைப்பாக இருந்து நடக்க நடக்கச் சரியாகும். இப்போது நடந்தால் கூடுகிறது. கூட வேலை பார்ப்பவர் எனக்கும் சேர்த்துச் சேலை மடிக்கிறார். கல்யாணச் சாப்பாட்டில் கழித்துக்கொள்வாராம்.

ஆறாம் தேதி வந்துவிடுகிறேன். நீல முழுக்கைச் சட்டை எடுத்திருக்கிறேன்.

முத்துப்பாண்டி

*

காளியாத்தா துணை

எழுமலை
21.4.2002, ஞாயிறு

அன்பு மருமகனுக்கு. நீ நல்லா இருக்கியான்னு எழுதித்தான் கடுதாசி ஆரம்பிக்கணும். இன்னைக்கு அத எழுத வரலை.

ஆஸ்பத்திரியில ஒன்னையப் பாத்துட்டு வந்ததுல இருந்து சோறு எறங்கலை. பொண்ணு பாக்குறதுக்கு வந்த புள்ள, பஸ்ஸு வேகத்தடையில தூக்கிப் போட்டதுல இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லாமப் போயிட்டன்னு தந்தி மாதிரி ஆள் வந்து சொன்னப்ப, நான் நம்பலை. போர்வைக்கு அடியில ஒங் காலைத் தொட்டேன். நீ வேற எங்கயோ பாத்துக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்த. தொட்டது ஒனக்குத் தெரியலைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அந்த டாக்டர் பொண்ணு படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "இந்த முறிவு பஸ்ல ஏற்பட்டது இல்ல. முன்னாடியே விரிசல் விட்ருக்கு, பஸ்ல வெலகிருச்சு. முதுகுல யாராச்சும் ஏறுனாங்களா? சுளுக்கு எடுத்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. நீ ஏம் பக்கம் திரும்பவே இல்ல. "கடையில பெரிய பார்சல் எறக்குனேன் மேடம்"ன்ன. ஓங்கம்மா அந்த முதலாளியைப் புடிச்சு ஏச ஆரம்பிச்சா. நான் கஞ்சித் தம்ளரைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

கஞ்சி ஆறிப்போச்சு. நீ குடிக்கலை.

நேத்து எங்க தெருப் பாண்டியம்மாள் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வந்தா. எனக்குக் காலு வலின்னு சொல்லி அனுப்பிட்டேன். "பெரிய மனுசி ஆயிட்டாக, இனி நம்மளை எல்லாம் மிதிப்பாகளா"ன்னு தெருவுல கேக்குற மாதிரி பேசிட்டுப் போனா. பேசட்டும்.

சோழவந்தான்காரவுக ஆள் விட்டாக. வேற எடம் பாத்துக்கிறாகளாம், அதையும் நல்லபடியாத்தான் சொன்னாக.

அத்தை

*

ஆஸ்பத்திரி, மதுரை
10.5.2002

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். மல்லாந்து படுத்தபடி அட்டையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கம்பி வைத்துக் கட்டியாகிவிட்டது. எலும்பு சரியாக நிற்கும் என்கிறார்கள். காலில் உணர்வு திரும்ப வருமா என்று கேட்டேன், அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அடுத்த மாதம் பேரையூருக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா சத்துணவுக் கூடத்து வேலையை விட முடியாது. நீங்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வரும், எனக்குத் தெரியவும் தெரியாது.

பஸ்ஸால்தான் அத்தை. கடைசி சீட்டில் உட்கார்ந்தது என் தப்பு. யார் கேட்டாலும் அதுதான்.

முத்துப்பாண்டி

*

காளியாத்தா துணை

எழுமலை
29.7.2002, திங்கள்

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுறது. வாரத்துல மூணு நாள் பாக்குறோம். ஒன்னையத் தூக்குறேன், தொடைக்கிறேன், திருப்பிப் போடுறேன், ஊர்க்கதை அம்புட்டும் பேசுறேன். ஒண்ணை மட்டும் கேக்க வாய் வரலை. கடுதாசின்னா நான் கேட்டுட்டு ஒம் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்லை.

நான்தானே?

பஸ்ஸுன்னு சொல்லாத. அந்தச் சத்தம் எங் காலுக்கடியில கேட்டுச்சு. அதத்தான் சந்தோசமா ஒனக்கு எழுதுனேன். ஒன்னையத் திருப்பும்போதெல்லாம் எங் காதுல கேக்குது. திருநீறு பூச நெத்திக்குக் கையக் கொண்டுபோனா கை பாதியில நின்னுருது. ஆத்தா குடுத்த வரம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அத வச்சு எந் தம்பி மகனையே ஒடிச்சுப் போட்டேனே. எந் தம்பி இருந்திருந்தா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?

நாளைக்குக் கோயில்ல காப்புக் கட்டுறாக. எட்டு நாளைக்கு ஊரெல்லை தாண்டக் கூடாது, அதான் வர முடியாது. ஓங்க பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லியிருக்கேன். பொங்கல் வைக்க ஓங்கம்மா இங்க வருவா. ஆத்தா முன்னாடி வச்சு அவகிட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன். அவ ஏசட்டும், அடிக்கட்டும். என்னையத் திட்டக்கூட ஆளில்லாமப் பண்ணி வச்சிருக்கியேடா.

அத்தை

*

பேரையூர்
1.8.2002

அத்தைக்கு. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரரை நிற்க வைத்து எழுதிக் கொடுக்கிறேன். எப்படியாவது அம்மா அங்கே வருவதற்குள் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

பிப்ரவரியில் எடுத்த இன்னொரு சோதனையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன். அது எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற சோதனை. இருபத்தெட்டு வயதில் எழுபது வயதுக்காரரின் எலும்பு என்றார் டாக்டர். இந்த வாதத்தில் தேவையில்லாத இடத்தில் எலும்பு வளரும், உள்ளே இருக்க வேண்டியது கரைந்துபோகும். "வெளிய பாத்தா இரும்புக் கம்பி மாதிரி வெறைப்பா இருக்கும். சாக்பீஸ் மாதிரி ஒடியும்" என்றார். விழக் கூடாது, பிடித்துவிடக் கூடாது, யாரும் முதுகை அமுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். நான் உங்கள் வாசலில் குப்புறப் படுத்தபோது அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. சட்டையை வாங்கிக் கொடியில் போட்டது நீங்கள்தான்.

தெரிந்தும் ஏன் படுத்தாய் என்று கேட்பீர்கள். டாக்டர் பேசிய அரைமணி நேரத்தில் குணமாகும் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. நீங்கள் மட்டும்தான் அதைச் சொன்னீர்கள்.

எனவே நீங்கள் இல்லை. நீங்கள் மட்டும் இல்லை.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் உங்களை வாசலில் ஏற்ற மாட்டாள். அம்மா வேலைக்குப் போன பிறகு என்னைத் திருப்ப வேறு யார் இருக்கிறார்கள்? தங்கப்பொண்ணு அக்காவுக்கு என்னைத் தொடவே பயம், கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நீங்கள் வராத இந்த இரண்டு நாளில் முதுகுக்குக் கீழே சிவந்திருப்பதாக அம்மா சொன்னாள். உங்கள் பாரத்தை இறக்கி வைக்க வேண்டாம் அத்தை. எனக்காகச் சுமந்துகொள்ளுங்கள்.

முத்துப்பாண்டி

*

எழுமலை
7.8.2002, புதன்

மருமகனுக்கு. ஒங் கடுதாசி இன்னைக்குக் காலையில வந்துச்சு. பக்கத்துல இருக்குற பேரையூர் தபாலு மதுரை போய்ச் சுத்தி வந்திருக்கு. நான் நேத்தே சொல்லிட்டேன்.

முத்துத்தாய் அடுப்புக் கூட்டி, பானையை வச்சு, அரிசி போட்டிருந்தா. பக்கத்துல குத்தவச்சு ஒக்காந்து சொன்னேன். சிவராத்திரி மறுநாள், வாசல்ல, ரெண்டு காலாலயும், சத்தம் கேட்டது வரைக்கும். அவ வெறகைத் தள்ளிவிட்டுக்கிட்டே கேட்டா. ஏசுவான்னு குனிஞ்சே இருந்தேன். எரியுற வெறகை ஒவ்வொண்ணா வெளிய இழுத்துத் தண்ணியத் தெளிச்சு அமத்துனா. பானை பொங்கலை. கொதிக்காத அரிசியோட அதைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நடந்தா. "மதினி, நீங்க அவனைத் தூக்கித் திருப்புறப்பல்லாம் ஒங்க காலைத் தொட்டுக் கும்புட்ருக்கேன்"னு மட்டும் போறப்ப சொன்னா.

நீ பையில சீட்டு வச்சிருந்தன்னு எழுதியிருக்க. சட்டையக் கொடியில போடுறப்ப பையில சரசரன்னுச்சு. பஸ் டிக்கெட்டுன்னு நெனச்சேன். எடுத்துப் பாத்திருந்தாலும் நான் படிச்சது அஞ்சாப்பு, டாக்டர் கையெழுத்து வெளங்கியிருக்காது. வெளங்கியிருந்தாலும் ஏறித்தான் இருப்பேன்னு நெனைக்கிறேன். அதத்தான் என்னால தாங்க முடியலை.

ஒம் முதுகுல செவந்தது இப்ப எப்புடி இருக்கு?

அத்தை

*

பேரையூர்
20.8.2002

அத்தைக்கு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஐந்து நாளாகக் காய்ச்சல்.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு, "ஒங்க அத்தை இனி வர மாட்டாக" என்றாள், அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் திருப்புகிறாள். அவளுக்குத் தூக்கத் தெரியவில்லை, இழுக்கிறாள். தோல் வழன்று போகிறது. சிவந்த இடம் புண்ணாகி, விரல் நுனி நுழைகிற அளவுக்குக் குழியாகிவிட்டதாம். எனக்கு வலி இல்லை. வாடையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்கு நாமே இப்படிச் செய்கிறோமே என்று அம்மா திரும்பி நின்று அழுகிறாள்.

யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். ஜவுளிக்கடைக்கு என்று சொன்னேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதது ஒரு வகையில் நல்லது.

நீங்கள் எழுதுங்கள்.

முத்துப்பாண்டி

*

எழுமலை
27.8.2002, செவ்வாய்

முத்துப்பாண்டிக்கு. ஒங் கடுதாசி கெடைச்ச அன்னைக்கே பஸ் ஏறி வந்தேன். தெருமுக்குல முத்துத்தாய் என்னையப் பாத்தா. உள்ள போய்க் கதவைச் சாத்துனா. வேகமாச் சாத்தலை, மெதுவாத்தான் சாத்துனா. கொஞ்ச நேரம் நின்னேன். நீ உள்ள எந்தப் பக்கமா ஒருச்சாஞ்சு கெடக்கன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிட்டேன். அவ மேல தப்பில்ல, நீ அவகிட்டக் கோவிக்காத.

இந்தக் கடுதாசியக் கிழிச்சுரு. இதோட இருக்குற இன்னொரு தாளை மட்டும் ஓங்கம்மாகிட்ட வாசிச்சுக் காட்டு. நான் எழுதுனதுன்னு சொல்லாத, ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பியிருக்காகன்னு சொல்லு. அதுல எம் பேரு இல்ல. தெய்வம் பேரும் போடலை.

*

தனியா ஒரு ஆள் திருப்புறதுக்கு:

இழுக்கக் கூடாது. எப்பவும் இழுக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில பழைய நூல் சேலையை நாலா மடிச்சுப் போட்டுக்கிட்டு, அந்தச் சேலையைத்தான் புடிச்சு நகட்டணும், தோலை இல்ல.

எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கமா நின்னுக்கிறணும். தூரத்துக் காலை எடுத்துக் கிட்டத்துக் காலு மேல போட்டுக்கணும். அவன் கையை அவன் நெஞ்சு மேல வைக்கச் சொல்லணும், கைக்குத் தெம்பு இருக்கு. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்பு எலும்புல. ரெண்டும் ஒண்ணா வரணும். தோளு முந்துனா முதுகு முறுக்கிக்கும்.

திருப்புனதும் ரெண்டு முட்டிக்கு நடுவுல தலகாணி. குதிங்கால் படுக்கையில படக் கூடாது. புண்ணைக் கொதிச்சு ஆறுன உப்புத் தண்ணியில கழுவணும், சாம்பல் போடக் கூடாது, பச்சிலை வைக்கக் கூடாது. குழி பெருசானா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.

மத்தியானம் சத்துணவுக் கூடத்துல இருந்து ஒரு தடவை ஓடி வந்து திருப்பிட்டுப் போகணும்.

முதுகுல மட்டும் யாரும் அமுக்கக் கூடாது.

திருப்பி முடிச்சதும் சட்டுன்னு கையை எடுத்துறக் கூடாது. அவன் மூச்சு நெதானத்துக்கு வர்ற வரைக்கும் கையை வச்சிருக்கணும். இடுப்புல வச்சா அவனுக்குத் தெரியாது. தோள்ல வைக்கணும்.